வலைப்பக்கம் தாமதமாவது ஏன்?

இரண்டாமாண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்

இருந்த இடத்திலிருந்தே உலகைக் காணலாம் என்று நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்த உலகம் கண்முன் திறப்பதற்குள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதை எவரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதை நான் சென்ற ஆண்டில்தான் அறிந்துகொண்டேன்.

அன்று ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதற்குக் கடைசி நாளுக்கு முந்தைய நாள். ஆம்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் அமர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அது அம்மாவிடம் இருக்கும். அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். வேலை நேரத்தில் கைப்பேசியைத் தொடக்கூடாது. ஆகவே சாப்பாட்டு வேளையில் அம்மா கேட்டுக்கு வெளியே வந்து, தம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சென்டர்காரரின் கைப்பேசிக்கு அழைத்துச் சொல்வது என்று ஏற்பாடு. அம்மா எண்ணைச் சொல்லிவிட்டார். பக்கம் திறக்கவில்லை, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவாறு திறந்தபோது அந்த எண் காலாவதியாகிவிட்டது. மறுமுறையும் அதே கதை. அதற்குள் மணி அடித்துவிட, அம்மா உள்ளே போய்விட்டார். மறுநாள் அவர் அரைநாள் விடுப்பு எடுத்து என் அருகில் வந்து அமர்ந்த பிறகே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. சில நொடித் தாமதத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அரைநாள் கூலி.

"நெட் ஸ்லோம்மா, என்ன பண்றது" என்றார் சென்டர்காரர். யாரைக் கேட்டாலும் இதே விடைதான். ஆனால் அதே நேரத்தில், அதே கணினியில், அதே இணைப்பில் வேறொரு பக்கம் உடனே திறந்ததை நான் பார்த்தேன். அப்படியானால் குறை முழுவதும் இணைப்பில் இல்லை. பக்கத்தைக் கட்டியவர் கையிலும் அதன் பங்கு இருக்க வேண்டும் அல்லவா? இவ்வினாவுக்கு விடை தேடிப் படித்தவற்றையும் செய்து பார்த்தவற்றையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

தாமதத்தின் அளவு

மனிதன் எவ்வளவு நேரம் பொறுப்பான் என்பது முன்பே ஆராயப்பட்ட ஒன்று. ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 1993-ல் மூன்று எல்லைகளை வகுத்துக் காட்டினார். பத்தில் ஒரு நொடிக்குள் விடை வந்தால் நமக்குத் தாமதமே தோன்றுவதில்லை. ஒரு நொடி வரை நம் எண்ணத்தின் ஓட்டம் அறுபடுவதில்லை. பத்து நொடியைத் தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும்.

இன்று கூகுள் நிறுவனம் வலைப்பக்கங்களுக்கு மூன்று அளவுகோல்களை வைத்துள்ளது. பக்கத்தின் முதன்மையான படமோ எழுத்துப் பகுதியோ 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும் என்பது ஒன்று. நாம் ஒரு பொத்தானை அழுத்தினால் 200 மில்லி நொடிக்குள் திரையில் மாற்றம் தெரிய வேண்டும் என்பது இரண்டாவது. (ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மில்லி நொடி.) படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தின் பகுதிகள் இடம் பெயர்ந்து துள்ளக் கூடாது என்பது மூன்றாவது. இவை 2020-ல் அறிமுகமானவை. இரண்டாவது அளவுகோல் மட்டும் 2024-ல் புதிதாக மாற்றப்பட்டது.

போய்வரும் நடைகள்

பக்கம் திறப்பதற்குள் நடப்பதை எங்கள் ஊர் உவமையாலேயே விளக்கலாம். என் மாமா தோல் பர்ஸ், பெல்ட் செய்து விற்பவர். பக்கிள், நூல், சொல்யூஷன், லைனிங் துணி ஆகியவற்றைச் சென்னைப் பெரியமேட்டில் வாங்கிவருவார். காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸில் போனால் இரவில்தான் வீடு திரும்புவார். அவர் ஒரு நாள் பக்கிளுக்கும், மறுநாள் நூலுக்கும், அதற்கு மறுநாள் சொல்யூஷனுக்கும் எனத் தனித்தனியே போய்வந்தால் என்ன ஆகும்? பொருளின் எடை ஒரு பைக்குள் அடங்கும். ஆனால் நாள்கள் போய்விடும். வலைப்பக்கத்தின் தாமதத்திலும் இவ்விரண்டு கூறுகள் உள்ளன: ஒன்று நடை, மற்றொன்று எடை.

முதலில் நடையைப் பார்ப்போம். நாம் ஒரு தளத்தின் பெயரை அடித்ததும், குரோம் போன்ற உலாவி அப்பெயருக்கு உரிய எண் முகவரியைக் கேட்டறிகிறது. பின்னர் அம்முகவரியிலுள்ள சர்வருக்கு, "பேசலாமா?" என்று ஒரு செய்தி அனுப்பி, "பேசலாம்" என்ற விடையைப் பெறுகிறது. அது ஒரு நடை. பிறர் ஒட்டுக் கேளாதிருக்க இரகசியச் சாவிகளை மாற்றிக்கொள்வது அடுத்த நடை. "பக்கத்தை அனுப்பு" என்று கேட்டுப் பெறுவது மூன்றாவது நடை. ஆக, முதல் எழுத்து நம்மை அடையுமுன் மூன்று முறை போய்வந்தாயிற்று. 2018-க்கு முந்தைய முறையில் சாவி மாற்றத்துக்கே இரண்டு நடை வேண்டியிருந்தது. 2022-ல் நெறியாக்கப்பட்ட எச்.டி.டி.பி. மூன்றாம் பதிப்பு முதலிரண்டு வேலைகளையும் ஒரே நடையில் முடித்துவிடுகிறது. அறிஞர்கள் இத்தனை ஆண்டு உழைத்து ஒரு நடையைக் குறைத்திருக்கிறார்கள் என்றால் அதன் அருமை விளங்கும்.

தொலைவு

ஒரு நடைக்கு எவ்வளவு நேரம்? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அதனினும் விரைவாக எந்தச் செய்தியும் அதில் செல்ல இயலாது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002-ல் கடலடியில் இடப்பட்ட ஐ2ஐ என்னும் கம்பிவடம் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. போய்வர 6,400 கிலோமீட்டர். அதாவது 32 மில்லி நொடி. சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால், நேர்கோட்டில் அளந்தாலே சென்னையிலிருந்து 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நடைக்கு 130 மில்லி நொடிக்குக் குறையாது. மூன்று நடைக்கு 390. வழியிலுள்ள நிலையங்களின் தாமதமும், நம் கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையிலான தாமதமும் தனி.

அதிக வேகமுள்ள இணைப்பை விலைக்கு வாங்கலாம்; ஒளியின் வேகத்தை வாங்க முடியாது. ஆகவே தொலைவைக் குறைப்பதே வழி. பெரியமேட்டு வியாபாரி ஆம்பூரிலேயே ஒரு கோடவுன் வைத்து, அடிக்கடி கேட்கப்படும் பொருள்களை அங்கே இருப்பு வைத்தால் மாமா ரயில் ஏற வேண்டியதில்லை அல்லவா? இதே கருத்தை வலைப்பக்கங்களுக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடிகள், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டாம் லெய்டனும் அவர் மாணவர் டேனியல் லெவினும் ஆவர். அவர்கள் 1998-ல் அகமாய் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு தளத்தின் படங்களையும் கோப்புகளையும் உலகின் பல ஊர்களிலுள்ள சர்வர்களில் படியெடுத்து வைத்து, கேட்பவருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து வழங்கும் முறை இது. இதைப் போலவே, நம் கைப்பேசியும் ஒருமுறை பெற்ற கோப்பைத் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். "இந்தச் சின்னப்படம் ஓராண்டுக்கு மாறாது" என்று தளத்தார் குறிப்பு அனுப்பினால், மறுமுறை அதற்காக நடையே தேவைப்படாது. பலர் இக்குறிப்பை அனுப்ப மறந்துவிடுகின்றனர்.

எடை

அடுத்தது எடை. 2024-ல் உலகெங்கும் கைப்பேசிக்கு வழங்கப்படும் முகப்புப் பக்கங்களை எடைவரிசையில் நிறுத்திப் பார்த்தால், நடுவில் நிற்கும் பக்கத்தின் எடையே 2 மெகாபைட்டைத் தாண்டியிருந்தது. இந்த எடையில் பெரும்பங்கு படங்களுடையது.

இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் கொண்டதாக இருக்கலாம். மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள். ஆனால் கைப்பேசித் திரையின் அகலம் பெரும்பாலும் 1,080 புள்ளிகளை ஒட்டியதே. படத்தை 1,080-க்கு 810 ஆகச் சுருக்கினால் 8,74,800 புள்ளிகள் போதும். ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கு. மீதிப் பதின்மூன்று பங்கும் கடல் கடந்து வந்து, கண்ணுக்குத் தெரியாமலே கழிக்கப்படுகின்றன. ஒரு ஜோடி ஷூவின் அப்பருக்குத் தேவையான துண்டுகளைக் கேட்டவருக்கு, மாட்டின் முழுத்தோலையே பார்சலில் அனுப்பி, "வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள்" என்பது போன்றது இது. எங்கள் ஊர்க் கட்டிங் பிரிவில் எவரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

அளவைக் குறைத்த பின் தடிப்பையும் குறைக்கலாம். ஸ்கைவிங் மெஷினில் தோலின் ஓரத்தை உட்புறமாகச் சீவி மெல்லிதாக்குவார்கள்; மேல்முகம் கெடுவதில்லை, தைக்கும்போது மடிப்பு தடிப்பதுமில்லை. படத்திலும் கண் உணராத நுண்வேறுபாடுகளை நீக்கிச் சுருக்கும் முறைகள் உள்ளன. கூகுள் 2010-ல் வெளியிட்ட வெப்பி என்னும் பட வடிவம் அத்தகையது. பழைய ஜேபெக் வடிவத்தைவிடக் குறைந்த இடத்தில் அதே தோற்றத்தைத் தருவது.

மற்றொன்றும் அறியத்தக்கது. இணைப்பு எவ்வளவு வேகமுடையதாயினும் சர்வர் தொடக்கத்திலேயே அனைத்தையும் கொட்டிவிடுவதில்லை. வழி எப்படி இருக்கிறது என்று அறிவதற்காக முதலில் சுமார் 10 பொட்டலங்கள், அதாவது ஏறத்தாழ 14 கிலோபைட் அனுப்பிப் பார்க்கும். நலமாகச் சேர்ந்தால் 20, பின்னர் 40 என இரட்டித்துச் செல்லும். ஆகவே பக்கத்தின் இன்றியமையாத பகுதியை முதல் 14 கிலோபைட்டுக்குள் அடக்கிவிட்டால் ஒரே தவணையில் வாசகருக்கு ஏதேனும் ஒன்று கண்ணில் படும்.

தமிழ் எழுத்தும் எழுத்துருவும்

தமிழில் எழுதினால் பக்கம் கனக்கும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் உண்மை எவ்வளவு? ஆங்கிலத்தில் ஆம்பூர் என எழுத 5 எழுத்து, 5 பைட்டு. யூனிகோடு முறையில் தமிழில் எழுதும்போது மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கிடப்படுவதால், ஆம்பூர் என்பதற்கு 7 குறிகள், யூ.டி.எப்.-8 முறையில் குறி ஒன்றுக்கு 3 பைட்டு வீதம் 21 பைட்டு. நான்கு மடங்குக்கும் மேல்தான். ஆயினும் 2,000 சொற்கள் கொண்ட ஒரு தமிழ்க் கட்டுரை சுமார் 60 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அனுப்பும்போது ஜிசிப் முறையில் சுருக்கினால் இன்னும் மிகக் குறையும். 4 மெகாபைட் எடையுள்ள ஒரு புகைப்படத்தின் இடத்தில் அத்தகைய கட்டுரைகள் அறுபதுக்கு மேல் அடங்கும். ஆக, தமிழ் எழுத்து பக்கத்துக்குச் சுமையன்று.

சுமையாவது எழுத்துரு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-ல் இணையத்தில் முதன்முதலாகத் தமிழ்ப் பக்கத்தை ஏற்றியபோது, அதைப் படிப்பதற்குத் தனி எழுத்துரு வேண்டியிருந்தது. அதன் பின்னரும் பல ஆண்டுகள் தளத்துக்கொரு எழுத்துரு என்ற நிலையே நீடித்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடும், யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-ல் ஏற்றுக்கொண்டதும் அந்நிலையை மாற்ற உதவின. இன்று கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. அப்படியிருந்தும் அழகுக்காக மூன்று, நான்கு எழுத்துருக்களைப் பக்கத்துடன் சேர்த்தனுப்புவோர் உண்டு. அவை வந்து சேரும்வரை எழுத்தே தெரியாமல் வெற்றிடமாக நிற்பதும் உண்டு. ஓர் எழுத்துரு அவசியமாயின் அது வரும்வரை கைப்பேசியின் சொந்த எழுத்தில் காட்டும்படி ஒரு வரிக் கட்டளையில் சொல்லிவிடலாம்.

கைப்பேசியின் உழைப்பு

எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் வேலை முடிவதில்லை. பக்கத்துடன் வரும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைக் கைப்பேசி படித்துப் பொருள்கொண்டு இயக்க வேண்டும். திரையை வரைவதும், விரல் தொடுவதற்கு விடை சொல்வதும், நிரலை இயக்குவதும் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடப்பவை. கன்வேயர் லைனில் ஒரு மேசையில் வேலை தேங்கினால் அடுத்த மேசையில் இருப்பவர் கைகட்டி நிற்க வேண்டும் என்று அம்மா சொல்வார். இதுவும் அவ்வாறே. விலையுயர்ந்த கைப்பேசி அந்நிரலை விரைந்து முடித்துவிடும். மலிவான கைப்பேசியோ அதே நிரலுக்குப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு, நாம் அழுத்தும் பொத்தானைக் கண்டுகொள்ளாமல் இருக்கும். ஆகவே உடனடித் தேவையில்லாத நிரல்களைப் பக்கம் தெரிந்த பிறகு இயங்குமாறு தள்ளிவைப்பதும், பயன்படாதவற்றை நீக்குவதும் ஏழை வாசகருக்குச் செய்யும் உதவியாகும்.

கூட்டம்

சில வேளைகளில் பக்கம் இலேசாக இருந்தும், கேட்போர் பெருகியதால் சர்வர் திணறும். இதற்கு நாடறிந்த சான்று ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. தளம். 2002-ல் அதில் இணையவழிப் பயணச்சீட்டு தொடங்கியது. தட்கல் சீட்டு திறக்கும் அந்தச் சில நிமிடங்களில் நாடு முழுவதும் ஒரே வாயிலில் வந்து நிற்கும். நிமிடத்துக்கு 2,000 சீட்டுகள் வழங்கும் பழைய அமைப்பு போதாமல், 7,200 சீட்டுகள் வழங்கும் திறனுள்ள புதிய அமைப்பு 2014-ல் கொண்டுவரப்பட்டது.

காட்பாடி நிலையத்தில் ஒரே கவுண்டர் இருந்தால் வரிசை நீளும். கவுண்டர்களைக் கூட்டினால் குறையும். ரயில் நேரத்தை மட்டும் கேட்பவரைப் பலகையைப் பார்க்கச் சொல்லிவிட்டால் இன்னும் குறையும். சர்வர்களிலும் இவ்விரண்டையும் செய்கிறார்கள். பல சர்வர்களுக்கு வேலையைப் பங்கிடுவது ஒன்று. அனைவருக்கும் பொதுவான விடையை ஒருமுறை தயாரித்து நினைவில் வைத்து வழங்குவது மற்றொன்று. கடைசி நாளில் கூட்டம் வரும் என்பது விண்ணப்பம் வாங்கும் எவருக்கும் முன்பே தெரிந்த செய்தி. தெரிந்த கூட்டத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வதுதானே முறை?

மாமாவின் பக்கம்

படித்ததைச் செய்து பார்க்க எனக்கொரு வாய்ப்பும் கிடைத்தது. முதலாண்டில் மாமாவின் பர்ஸ், பெல்ட்களுக்காக ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்திருந்தேன். "படம் வரவேயில்லை என்கிறார்களே" என்று மாமா அடிக்கடி குறைப்படுவார். "நெட் ஸ்லோ மாமா" என்று நானும் அதே விடையைச் சொல்லியிருக்கிறேன்! இம்முறை குரோம் உலாவியிலேயே உள்ள "நெட்வொர்க்" என்னும் பகுதியைத் திறந்து அளந்தேன். எந்தக் கோப்பு எத்தனை பைட்டு, எப்போது கேட்கப்பட்டது, எப்போது வந்தது என்று வரிசையாகக் காட்டிவிட்டது. நாணித் தலைகுனிந்தேன்.

மாமா எடுத்த 12 படங்களை, ஒவ்வொன்றும் சுமார் 4 மெகாபைட் எடையுடன் அப்படியே ஏற்றியிருந்தேன். மொத்தம் 48 மெகாபைட். நொடிக்கு 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட் தரும் இணைப்பில் 48 நொடி. நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. கிடைக்கும் ரீசார்ஜ் போட்டவர் என் பக்கத்தை முப்பது முறை திறந்தால் அன்றைய கணக்கு ஏறக்குறைய தீர்ந்தது. பிறர் நேரத்தையும் பணத்தையும் நானே வீணாக்கியிருக்கிறேன்.

பின்வருமாறு திருத்தினேன். படங்களை 1,080 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி வெப்பி வடிவில் மாற்றினேன்; ஒவ்வொன்றும் சுமார் 100 கிலோபைட் ஆயிற்று. திரைக்குக் கீழே உள்ள படங்கள் வாசகர் அங்கே வரும்போது மட்டும் இறங்கும்படி செய்தேன். ஒவ்வொரு படத்துக்கும் அகல உயரத்தை முன்கூட்டியே குறித்தேன். அதனால் பக்கம் துள்ளி, விரல் வேறு பொத்தானில் படுவது நின்றது. இரண்டு அலங்கார எழுத்துருக்களையும், படங்களைச் சுழற்றிக் காட்டிய நிரலையும் நீக்கினேன். இப்போது பக்கம் திறக்கும்போது இறங்குவது முதலிரு படங்களும் சிறிது எழுத்துமே. அம்மாவின் கைப்பேசியில் இரண்டு நொடிக்குள் முதல் பர்ஸ் தெரிகிறது. மாமாவுக்கு ஆர்டர்கள் குவிந்துவிட்டன என்று சொல்லமாட்டேன். "படம் வரவில்லை" என்ற பேச்சு நின்றுவிட்டது, அது போதும். இத்தனைக்கும் ஆன செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே.

முடிவுரை

இணைப்பின் வேகம் நம் கையில் இல்லை; ஒளியின் வேகம் எவர் கையிலும் இல்லை. ஆனால் நடையைக் குறைப்பதும், எடையைக் குறைப்பதும், கூட்டத்துக்கு முன்னேற்பாடு செய்வதும் பக்கத்தைக் கட்டுபவர் கையில் உள்ளவை. நம் துறையில் பயில்வோரில் பலர் நாளை வலைப்பக்கங்கள் கட்டும் வேலைக்குப் போவோம். அங்கே நல்ல கணினியும் விரைவான இணைப்பும் நமக்குத் தரப்படும். அதில் எந்தப் பக்கமும் விரைந்தே திறக்கும். அதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. வேலையை முடித்ததும், நம் வீட்டிலுள்ள பழைய கைப்பேசியில், சிக்னல் குறைந்த இடத்தில் நின்று ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

கேட்டுக்கு வெளியே சாப்பாட்டுத் தூக்குடன் நின்று, ஒரு கண்ணைக் கைப்பேசியிலும் மறு கண்ணைக் கடிகாரத்திலும் வைத்திருக்கும் ஒருவருக்காகவே நாம் அப்பக்கத்தைக் கட்டுகிறோம் என்பதை நினைவிற் கொள்வோமாக. நாம் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு நொடியும் யாரோ ஒருவருடைய கூலியில் சேரும்.